மணி யாருடையது?

விலைமதிப்பற்ற பொருள் ஒன்றைக் கையில் வைத்திருப்பவன் அதற்கு உடையவன் ஆகிவிடுவானா? இந்தப் பழைய கேள்வியைச் சிந்திக்க இரண்டு வரலாறுகள் நமக்குத் துணைபுரியும். ஒன்று கோஹினூர் வைரத்தினுடையது, மற்றொன்று திருவனந்தபுரத்தினுடையது.

1739-இல் தில்லியைச் சூறையாடிய நாதிர் ஷா கோஹினூரைப் பாரசீகத்திற்குக் கொண்டு சென்றார். 1747-இல் தம் படைத்தலைவர்களாலேயே கொல்லப்பட்டார். பின்பு அது ஆப்கானிய மன்னர்களின் வசமாயிற்று. அடைக்கலம் தேடி வந்த ஷா ஷூஜாவிடமிருந்து 1813-இல் ரஞ்சித் சிங் அதைப் பெற்றார். மரணப் படுக்கையில் அதனைப் பூரி ஜகந்நாதருக்குச் சமர்ப்பிக்க அவர் விரும்பினார். 1839-இல் அவர் மறைந்தபின் அந்த விருப்பம் நிறைவேறவில்லை. 1849-இல் லாகூர் உடன்படிக்கையின்படி, சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

ஆடவர் அணிந்தால் அழிவு நேரும் என்பது இவ்வைரத்தைப் பற்றிய நம்பிக்கை. பாகவதம் கூறும் சியமந்தக மணியே இது என்போரும் உண்டு. அக்கதையிலும் மணிக்காகப் பிரசேனனும் சத்ராஜித்தும் உயிரிழக்கின்றனர். கண்ணனும் வீண்பழிக்கு ஆளாகிறான். ஆனால் கல்லுக்குச் சாபம் ஏது? அது கரியின் ஒரு வடிவமே. 'எனது' என்று பற்றும் மனத்தில்தான் சாபம் குடிகொண்டிருக்கிறது.

திருவிதாங்கூரில் நிகழ்ந்தது வேறு. 1750 ஜனவரி 3 அன்று மன்னர் மார்த்தாண்ட வர்மர் தம் நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். 'திருப்படி தானம்' எனப்படும் இச்செயலுக்குப் பின் அவ்வரசர்கள் 'பத்மநாப தாசர்' என்றே தங்களை அழைத்துக்கொண்டனர்.

போரில் வென்ற நாட்டை இறைவன் பெயரால் நிலைநிறுத்தும் அரசியல் தந்திரம் இது என்று சிலர் கூறுவர். அந்த நோக்கமும் இருந்திருக்கலாம். எனினும் ஒருவர் ஏற்ற பெயர் அவரைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது. 2011-இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி நிலவறைகள் திறக்கப்பட்டபோது பொன்னும் மணியும் உலகை வியக்கவைத்தன. 2020 ஜூலை 13-இல் வழங்கிய தீர்ப்பில் அந்நீதிமன்றம் அரச குடும்பத்தின் சேவை உரிமையை ஏற்றது. அது உடைமை உரிமை அன்று. உடையவன் இறைவனே.

ஆயினும் உண்மையான சோதனை செல்வத்தில் இல்லை. நாடே இறைவனுடையது என்று அர்ப்பணித்த பின்னும், அவனது ஆலய வாசல் பல்லாயிரம் மக்களுக்கு மூடியே இருந்தது. மண் அவனுடையது, அம்மண்ணில் உழைத்த மனிதர் மட்டும் அவனுடையவர் அல்லரா? 1936 நவம்பர் 12 அன்று ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனமே அந்தக் குறையைப் போக்கியது. அடுத்த ஜனவரியில் அங்கு யாத்திரை செய்த காந்தியடிகள், அனைத்திலும் இறைவன் உறைகிறான் என்னும் ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரத்தை ஊர்தோறும் விளக்கினார். அதுவே பொருத்தமான விளக்கவுரை.

'எனதன்று' என்று சொல்வது பாதித் துறவே. 'ஆதலால் இது எல்லோருக்கும் உரியது' என்று கதவைத் திறக்கும்போதுதான் அது முழுமை பெறுகிறது. நம்மிடம் கோஹினூர் இல்லை. ஆனால் கல்வி, பதவி, வீடு, நேரம் என்று ஏதோ ஒரு மணி நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அதற்கு நாம் உடையவர்களா, தாசர்களா? மரணப் படுக்கை வரை காத்திராமல், கை வலுவாக இருக்கும்போதே இதற்கு விடை காண்பது நல்லது.