கொஞ்சம் அதிகமாக

பெட்ரோல், டீசல் காரில் சாவியைத் திருகியதும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? ஸ்டார்ட்டர் மோட்டாரின் குட்டிப் பல்சக்கரம், ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் பெரிய பல்வளையத்தைப் பிடித்துச் சுழற்றும் சத்தம் அது. அந்த வளையத்துக்கு ரிங் கியர் என்று பெயர். அதற்கும் ஒழுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அம்பத்தூரில் ஒரு பட்டறையில் போய் நிற்கும்வரை எனக்கும் தெரியாது.

எஃகுப் பட்டையை வளைத்து, இரண்டு முனைகளையும் வெல்டிங் செய்து, பல் வெட்டுகிறார்கள். பிறகு பல்லை மட்டும் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குகிறார்கள். வம்பு இங்கேதான். வளைத்தபோது உள்ளே தங்கிப்போன இறுக்கம் சூட்டில் வெளியே வர, வட்டம் லேசாக முட்டை வடிவமாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. டயல் கேஜின் முள் காட்டிக்கொடுத்துவிடும்.

அதை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து, நீண்டிருக்கும் பக்கத்தை அமுக்குகிறார் ஒரு பெரியவர். கோணல் அரை மில்லிமீட்டர்தான். அவரோ ஐந்தாறு மில்லிமீட்டர் அமுக்குகிறார்.

"எஃகு ஸ்பிரிங் மாதிரி சார். அரை மில்லி அமுக்கினா, விட்டதும் பழையபடி போயிடும். வட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம் கோணலாக்கினாத்தான், திரும்பி வந்து வட்டத்துல நிக்கும்."

எனக்குப் பகீரென்றது. எங்கள் கணக்கு வாத்தியார் பிரம்பை எடுக்கும்போது சொல்லும் நியாயமும் இதேதான். தப்புக்குத் தகுந்த அடி போதாதாம். கொஞ்சம் அதிகமாக விழுந்தால்தான் புத்தி நிற்குமாம். பௌதிகமே அவர் பக்கம் சாட்சி சொல்கிறதே!

ஆனாலும் நகராமல் நின்று பார்த்தேன். பெரியவர் அமுக்குகிறார், முழுசாக விடுகிறார், கேஜ் வைத்துப் பார்க்கிறார். மறுபடி கொஞ்சம். மறுபடி விடுகிறார். ஒரேயடியாக முடித்துவிட்டால் என்ன?

"பல்லு கடினம் சார். முரட்டுத்தனமா அமுக்கினா அடியில விரிசல் விழும். அப்புறம், அமுக்கிப் பிடிச்சிருக்கும்போது எல்லா வளையமும் வட்டமாத்தான் தெரியும். விட்டுப் பார்த்தாத்தான் நிஜம்."

வாத்தியார் விட்டுப் பார்த்ததில்லை. அவரை ஏன் சொல்ல வேண்டும், நானும்தான். ப்ளஸ் டூ முடியும்வரை என் பையனைக் காலை நாலரைக்கு எழுப்பி உட்கார வைத்தேன். எழுப்பாவிட்டால் என்ன செய்கிறான் என்று ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. மார்க்கெல்லாம் பிரமாதமாக வாங்கினான். ஹாஸ்டலுக்குப் போன முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் அரியர். போன் போட்டு அரைமணி நேரம் கத்தினேன். மறுமுனையில் 'உம்' என்ற சத்தம்கூட இல்லை.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். வளையத்தை 200 டிகிரி வாக்கில் சூடாக்கி ஃப்ளைவீலில் மாட்டுவார்கள். ஆறும்போது அது சுருங்கிக் கப்பென்று பிடித்துக்கொள்ளும். வளையம் மெல்லிசு, கோணல் சின்னதாக இருந்தால் ஃப்ளைவீலின் வட்டமே அதற்கும் வந்துவிடும். அதனால் ஓர் அளவுக்குள் இருக்கும் கோணலை அவர் தொடுவதே இல்லை.

"அது போய் உக்கார்ற இடத்துல சரியாயிடும் சார்."

பிரஸ்ஸுக்கு இடதுபக்கம் அப்படி ஒரு அடுக்கு இருந்தது. அமுக்குவதற்கு வைத்திருந்த அடுக்கைவிட அதுதான் உயரம்.