முதலில் ஆள், பிறகு கேமரா

ஞாயிறு ஆராதனையை நேரலையில் அனுப்பலாம் என்று ஒரு சேகரக் கமிட்டி தீர்மானித்தவுடன் பேச்சு எந்த கேமரா, என்ன விலை என்று போய்விடுகிறது. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் அன்றைக்கு ஆராதித்தாரா?

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சேகரத்தில் நேரலைக் குழுவின் பணிமுறை அட்டவணையை நான் எழுதுகிறேன். பள்ளியில் டைம்டேபிள் போட்ட கை. நான் பொறுப்புக்கு வருமுன், கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவனே வாராவாரம் உட்கார்ந்துகொண்டிருந்தான். “டீச்சர், பிரசங்கத்துல ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்கு. சவுண்டு செவப்புக்குப் போவுதான்னே பாத்துக்கிட்டு இருக்கேன். திருவிருந்துக்கு எந்திச்சுப் போயி ரொம்ப நாளாச்சு” என்றான். ஊழியமும் ஆராதனைதானே தம்பி என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். பாதிதான் சரி. பந்தி பரிமாறுகிறவன் பட்டினியாக வீட்டுக்குப் போனால், குறை அழைத்தவனுடையது.

1 நாளாகமம் 9-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வாசல் காவலர்களின் சகோதரர் தங்கள் கிராமங்களிலிருந்து ஏழு நாளைக்கு ஒருமுறை முறைபோட்டு வந்தார்கள். இரவும் பகலும் பணியிலிருந்த பாடகருக்கு மற்ற வேலைகள் தரப்படவில்லை. எண்ணாகமம் 8-இல் லேவியருக்கு 25 வயதில் பணி தொடங்கி 50-இல் ஓய்வு. அதற்குப் பின் தங்கள் சகோதரருக்குத் துணை நிற்கலாம். இவற்றை வெறும் நிர்வாக விதிகளாக என்னால் வாசிக்க முடியவில்லை. தேவனுடைய வீட்டில் ஒருவன் தோளில் மட்டும் சுமை ஏறக்கூடாது என்ற அக்கறை அவற்றில் இருக்கிறது.

ஆகவே எங்களிடம் மூன்று குழுக்கள். ஒவ்வொன்றிலும் கேமராவுக்கு ஒருவர், மிக்சருக்கு ஒருவர், கம்ப்யூட்டருக்கு ஒருவர். ஒரு வாரம் பணி, இரண்டு வாரம் குடும்பத்தோடு பெஞ்சில். ஐம்பதைத் தாண்டியவர்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று பழக்குகிறார்கள். இந்த ஆள் கணக்குதான் கருவிகளைத் தீர்மானித்தது. மூன்று கேமரா வாங்கினால் மூவர் போதாது, மாற்றிவிட இன்னொருவர் வேண்டும். ஒரு கேமரா, அசையாத ஸ்டாண்ட், ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருள், கரண்ட் போனால் தாங்க யு.பி.எஸ். இவை போதும். 720 அளவில் படம் அனுப்ப நொடிக்கு 4 மெகாபிட் அப்லோடு வேகம் தேவை. அதில் இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி. கேமரா தூரத்தில் இருந்தால் எச்.டி.எம்.ஐ. கேபிளை நம்பாதீர்கள், எஸ்.டி.ஐ. இழுங்கள். பீடத்துக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னல் இருந்தால் குருவானவர் முகம் இருட்டாகத்தான் தெரியும், அதனால் முன்பக்கம் ஒரு விளக்கு வேண்டும்.

மிச்சப் பணம் ஒலிக்கு. மிக்சரிலிருந்து நேராக ஒலி எடுத்தால் குருவானவர் குரல் துல்லியமாகப் போகும். ஆனால் சபை சொல்லும் மறுமொழி வீட்டுக்குப் போகாது. படுக்கையில் இருக்கும் ஆச்சிக்கு ஆசீர்வாதம் கேட்கும், அதற்கு ஊரே சேர்ந்து சொல்லும் ஆமென் கேட்காது. அது பாதி ஆராதனை. சபையைப் பார்த்தபடி ஒரு மைக் தொங்கவிடுங்கள். கொஞ்சம் இருமலும் பிள்ளைகள் சத்தமும் சேரும்; சேரட்டும், அதுதானே சபை. அந்தக் குரல்களோடு தன் குரலையும் சேர்த்து ஆச்சி வீட்டில் பதில் சொன்னால், அவர் வெறுமனே பார்ப்பவர் அல்ல என்று நான் துணிந்து சொல்வேன்.

திருவிருந்து விஷயம் வேறு. பந்தியில் முழங்காலிடுகிறவர்களின் முகத்தை உலகத்துக்குக் காட்ட நமக்கு உரிமையில்லை. அந்த நேரத்தில் கேமராவைச் சிலுவையின் மேல் நிறுத்திவிட்டு, கீர்த்தனையை மட்டும் போகவிடுகிறோம். குழுவில் உள்ளவர்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பீடத்துக்குப் போகிறார்கள். நோயாளிகளுக்கான ஜெபக் குறிப்புகளைப் பெயர் சொல்லி வாசிக்கும்போதும் ஒலியை நிறுத்திவிடுகிறோம்.

2020 ஏப்ரல் 12, கொரோனாவால் ஆலயக் கதவுகள் பூட்டியிருந்த அந்த ஈஸ்டர் சமயத்தில், திரைக்கு முன்னால் அப்பமும் ரசமும் வைத்து எடுக்கலாமா என்று உலகமெங்கும் திருச்சபைகள் விவாதித்தன. கத்தோலிக்கத் திருச்சபை 2002-லேயே இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என்று எழுதிவிட்டது. நான் சி.எஸ்.ஐ.க்காரி, இருந்தாலும் இதில் அவர்கள் பக்கம் நிற்கிறேன். வசனம் காற்றில் போகும், அப்பத்தைக் கையில்தான் கொடுக்கவேண்டும். ஏறக்குறைய 155-ஆம் ஆண்டில் ரோமில் எழுதிய ஆதித் திருச்சபை எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிறு கூடுகைக்கு வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததைச் சொல்கிறார். வீட்டிலிருப்பவரைப் பற்றிய நம் கேள்விக்கு ஆதித் திருச்சபை நடந்துபோய்ப் பதில் சொல்லியிருக்கிறது.

அதனால் எங்கள் ஒவ்வொரு குழுவிலும் நான்காவதாக ஒருவர் இருக்கிறார். அவர் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. வர முடியாமல் வீட்டில் பார்ப்பவர் யார் யார் என்று தெரிந்துவைத்து, திங்கள் செவ்வாயில் அவர்களைப் போய்ப் பார்க்கிறார். திருவிருந்து கேட்பவர்கள் பெயரைக் குருவானவரிடம் கொடுத்து, அவர் போகும்போது கூடப் போகிறார்.

நேரலை தொடங்கப்போகிற கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். கொட்டேஷன் வாங்குமுன் இந்த நான்காவது ஆளின் பெயரை எழுதுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் கேமரா வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.