துணித்துண்டும் கைக்காப்பும்



பகவான் அருளிய எண்வகை மார்க்கத்தில் ஏழாவது அங்கம் நற்கடைப்பிடி. செய்வதை அறிந்து செய்தலும், மனம் சிதறாமல் விழித்திருத்தலும் அதன் இலக்கணமாம். அங்ஙனமாயின், மூப்பினால் நினைவே குலைந்துபோகிறவருக்கு மார்க்கத்தின் கதவு அடைபட்டுவிட்டதோ? பெற்ற மகளின் பெயரையும் மறந்த தாய்க்குத் தம்மத்தில் இடமில்லையோ? இக்கேள்விக்குப் பகவான் தம் செய்கையாலேயே விடை தந்திருக்கிறார்.

இராசகிருகத்தில் சூளபந்தகர் என்னும் பிக்கு இருந்தார். நான்கு மாதம் முயன்றும் ஒரே ஒரு பாட்டை அவரால் மனனம் செய்ய இயலவில்லை. புதிய அடியைக் கற்றால் பழைய அடி மறைந்துபோகும். இவர் சாசனத்துக்கு உதவார் என்று உடன்பிறந்த தமையனாராகிய மகாபந்தகரே அவரை வெளியேற்றினார். வாயிலிலே கலங்கி நின்றவரைப் பகவான் கைப்பற்றி உள்ளே அழைத்து வந்தார். வேறொரு பாட்டைக் கொடுத்து மனனம் செய்யச் சொன்னாரா? இல்லை. தூய துணித்துண்டு ஒன்றைக் கையிலே கொடுத்து, அழுக்கு நீங்குதலைக் குறிக்கும் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே அதைத் தடவி வரும்படி பணித்தார். தடவத் தடவத் துணி அழுக்கேறிற்று. அதைக் கண்டு அநித்தியத்தை உணர்ந்து அவர் அரகந்தரானார். நினைவு குன்றியவரை இகழாமல், அவர் கைக்கு ஏற்ற கருவியைத் தந்தவர் நம் ஆசான் என்பதை மனத்தில் இருத்துங்கள்.

இனி நம் ஊரைப் பார்ப்போம். கோலார் தங்கச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர்கள் இன்று முதியவர்கள். பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, லைன் வீட்டில் பெரியவர் தனித்திருக்கிறார். மறதிநோய் கண்டவராயின், நள்ளிரவில் எழுந்து, ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுகிறார். ஒன்றுபோலக் கட்டிய வரிசை வீடுகளில் தம் வீடு எதுவெனத் தெரியாமல் திகைக்கிறார்.

இது பேய்க்கோளாறு அன்று, செய்வினையும் அன்று. மூளையைப் பற்றும் நோய். 1906இல் ஜெர்மனியில் அல்சைமர் என்னும் வைத்தியர் எடுத்துரைத்த நோயே இதற்குப் பெருங்காரணம். நம் தேசத்தில் 60 வயதைக் கடந்தவருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆகவே மந்திரவாதியை நாடாமல் வைத்தியரை நாடுங்கள். தைராய்டுக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் தேறக்கூடும். செவியையும் சோதியுங்கள். பாறை வெடிக்கும் ஓசையில் செவி மந்தமானவர் நம்மிடையே உண்டு. செவிப்புலன் குறைவு மறதிநோய்க்கு ஏதுவாகும் என்று வைத்திய அறிஞர் கூறுகின்றனர்.

தேறாத மறதிக்கும் துணைக்கருவிகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட 50 இன்றியமையாத துணைக்கருவிகளின் பட்டியலில், மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைக்கும் பெட்டி, எளிய கைபேசி, கீழே விழுந்தால் அறிவிக்கும் கருவி, இருப்பிடம் காட்டும் கருவி ஆகியவை இடம் பெற்றுள்ளன. இவற்றை வாங்கப் பணம் ஏது என்பீர்கள். வரிசை வீட்டின் கதவுக்குத் தனி நிறம் பூசுங்கள். பெரிய எழுத்து நாட்காட்டியைக் கண்ணெதிரே மாட்டுங்கள். கழிவறைக் கதவில் படம் ஒட்டி, இரவில் சிறு விளக்கை எரியவிடுங்கள். சட்டைப்பையில் பிள்ளையின் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். பகவான் தந்த துணித்துண்டைப் போல இவையும் கருவிகளே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இருப்பிடம் காட்டும் கருவியைக் கைக்காப்பாகவும் அணிவிக்கலாம். பெரியவர் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோளின் துணையால் அறிந்து, அது பிள்ளையின் கைபேசியில் காட்டும். நன்மையான பொருளே. ஆனால் கைக்காப்பு என்றதும் இவ்வூரார் நினைக்கவேண்டியது ஒன்றுண்டு. ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் மணிக்கட்டில் எண் பொறித்த காப்பைச் சுரங்க நிர்வாகம் பூட்டிவைத்தது. 1930இல் கைரேகைப் பதிவைத் திணித்தபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். மனிதனை எண்ணாக்குவதை எதிர்த்தவர்களின் பிள்ளைகள், தம் தந்தையின் கையில் அவர் சம்மதமின்றி ஒன்றைப் பூட்டலாமா?

ஆதலால், நினைவு தெளிவாயிருக்கும் தொடக்க நாளிலேயே அவரைக் கேளுங்கள். "அப்பா, நீங்கள் வழி தவறினால் நாங்கள் ஓடிவருவதற்காக இது, அணிந்துகொள்வீர்களா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு வழி தேடுங்கள். சம்மதத்துடன் அணிவது காவல். சம்மதமின்றிப் பூட்டுவது விலங்கு. அறையில் அடைத்துத் தாழிடுவதோ அதனினும் கொடிது.

கருவி கூப்பிட்டால் ஓடிவர ஆளும் வேண்டும். பிள்ளை பெங்களூரில் இருக்க, கைபேசி அங்கே ஒலித்து என்ன பயன்? ஒவ்வொரு லைனிலும் நான்கு குடும்பத்தார் முறைவைத்துக் கவனிப்போமாக. பராமரித்துச் சோர்ந்த மருமகளுக்கு ஒருநாள் ஓய்வு தருவதும் தானமே. ஆலோசனைக்கு 14567 என்னும் முதியோர் உதவி எண்ணை அரசாங்கம் வைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

நினைவு குலைந்தவர்க்கு நற்கடைப்பிடி எங்ஙனம் என்று தொடக்கத்தில் கேட்டோம். அவர் மறந்ததை அவருக்காக நாம் கடைப்பிடிப்பதே விடை. மகளின் பெயரைத் தாய் மறந்தால், மகள் தாயை மறவாதிருக்கட்டும். பகவான் முதலில் சூளபந்தகரின் கையைப் பற்றினார். பிறகே துணியைக் கொடுத்தார். அந்த வரிசையை நாமும் மாற்றாதிருப்போமாக.

சர்வ உயிர்களும் சுகமுறுக! சாது! சாது! சாது!