மணலுக்குள் ஒரு புதுப் பெயர்

கடற்கரை மணல் துகள்களின் இடைவெளி நீரில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத விலங்குகள் வாழ்கின்றன. எட்டுக் கால்கள் கொண்ட நீர்க்கரடி அவற்றுள் ஒன்று. தமிழகத்தின் மண்டபம் கடற்கரையில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த புதிய நீர்க்கரடி இனத்துக்கு, 2023இல் அப்துல் கலாம் நினைவாக ‘பேட்டிலிப்பிஸ் கலாமி’ எனப் பெயர் சூட்டப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர்.

இத்தகைய உயிர்களைப் பிரிக்க, மணலை நீரில் கலக்கி, தெளிவதற்குள் மேல்நீரை நுண்சல்லடையில் வடிப்பார்கள். பிறகு நுண்ணோக்கியில் கால்விரல்களின் வரிசை, தலையின் உணர்இழைகள், வால்நுனி ஆகியவற்றை அளந்து, முன்பே அறிந்த இனங்களோடு ஒப்பிடுவார்கள். எதனோடும் பொருந்தாவிட்டால்தான் அது புதிய இனம். விளக்கம் முறைப்படி வெளியான பிறகே பெயர் செல்லுபடியாகும். அந்த விளக்கத்துக்கு அடிப்படையாகப் பாதுகாக்கப்படும் உடலான வகைமாதிரியே அந்தப் பெயருக்கு என்றென்றும் சாட்சி.