கீழே போய்த் தள்ளுவது

வடகாட்டை ஒட்டிய ஒரு தோட்டம். செம்மண். மல்லிகைப் பாத்திகளுக்கு நடுவே புதுப் போர்வெல். மூன்று இரும்புக் கால்களை ஊன்றியிருக்கிறார்கள். உச்சியில் செயின் பிளாக் தொங்குகிறது. இன்னும் யாரும் அதைத் தொடவில்லை.

*

கேசிங் பைப்பின் வாய். ஒரு சாணுக்கும் குறைந்த அகலம். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஈர மண் வாசனை. உள்ளே இருட்டு, சத்தமில்லை.

*

மெக்கானிக் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்புகிறார். வெளிச்சம் குழாய்க்குள் இறங்குகிறது. வெகு கீழே ஒரு சின்ன வட்டம் மினுங்குகிறது. கை அசைந்ததும் மறைகிறது. மறுபடி வருகிறது.

“தெரியுதாண்ணே?”

“தெரியுது.”

அதற்குமேல் பேச்சில்லை.

*

மோட்டார் சாக்கின்மேல் கிடக்கிறது. கோயம்புத்தூரில் செய்தது. ஒல்லி, நீளம். அடைப்புத் திருகைக் கழற்றிக் குடத்திலிருந்து நல்ல தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுகிறார்கள். குமிழி வருகிறது. நிறுத்துகிறார்கள். பொறுத்து, மறுபடி ஊற்றுகிறார்கள். உள்ளே காற்று தங்கக் கூடாது.

தண்ணீர் எடுக்கப் போவதற்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

*

கீழே மோட்டார். அதன் தலைமேல் பம்பு. இரண்டுக்கும் நடுவே சல்லடை. சல்லடைக்கு வந்து சேரும் தண்ணீர் மோட்டாரைத் தழுவிக்கொண்டே வருகிறது. அதன் சூட்டையும் ஆற்றிவிட்டு மேலே ஏறுகிறது.

*

மேலே நின்று உறிஞ்சினால் தண்ணீர் 34 அடிக்கு மேல் வராது. குழாயிலுள்ள காற்றையெல்லாம் எடுத்துவிட்டாலும் வராது. உறிஞ்சுவதாக நமக்குத்தான் நினைப்பு. வெளிக்காற்றின் பாரம் தண்ணீரை அழுத்தி ஏற்றுகிறது. அந்தப் பாரத்துக்கு அவ்வளவுதான் வலு. 1640களில் டோரிசெல்லி பாதரசத்தை வைத்து அதை நிறுத்துப் பார்த்தார்.

300 அடியிலிருந்து இழுக்க வழியில்லை. கீழே போய்த் தள்ளத்தான் வேண்டும்.

*

முதல் குழாய். 20 அடி. மரையில் நூல் சுற்றி, பைப் ரெஞ்சால் இறுக்குகிறார்கள். சங்கிலி கிறீச்சிடுகிறது.

“விடு… விடு… மெதுவா… நிப்பாட்டு.”

கிளாம்ப் கேசிங்கின் வாயில் உட்காருகிறது. மொத்தப் பாரமும் இப்போது அதன்மேல். அடுத்த குழாய் வரும்வரை எல்லோரும் சும்மா நிற்கிறார்கள்.

*

தூக்கு. திருகு. இறக்கு. கேபிளைக் குழாயோடு கட்டு.

தூக்கு.

எங்கோ மயில் அகவுகிறது.

*

இந்தப் பக்கம் மணற்பாறைப் படிவு. நீர் மணலின் இடுக்குகளில் நிற்கிறது. மேற்கே இலுப்பூர், விராலிமலைப் பக்கம் கருங்கல். அங்கே நீர் வெடிப்புகளில் மட்டும். வெடிப்பு கிடைத்தவருக்குத் தண்ணீர், கிடைக்காதவருக்குப் புகையாகப் பறக்கும் கல்தூசி. இரண்டும் ஒரே மாவட்டம்.

*

தோட்டத்து மூலையில் பழைய கிணறு. கமலைக் கல் கிடக்கிறது. மாடுகள் இறங்கி ஏறிய வாரி மண் மூடி, லேசான சரிவாக மட்டும் தெரிகிறது. கமலை, ஆயில் எஞ்சின், கரண்டு மோட்டார், இப்போது இது. ஒவ்வொன்றும் முன்னதைவிட ஆழத்துக்குப் போனது. கிணற்றின் அடியில் காய்ந்த இலைகள்.

*

சித்தன்னவாசல் மலைமேல் நாவற்சுனை நினைவுக்கு வருகிறது. அதன் நீருக்குள் ஒரு குடைவரை, உள்ளே லிங்கம். இறைத்தால்தான் தெரியும். பெரும்பாலான நாட்களில் யாரும் இறைப்பதில்லை.

*

இன்னொரு பழைய போர், வற்றியது. வாயில் இரும்பு மூடி, மூடியைச் சுற்றி சிமெண்ட். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடாத போருக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்கு நாட்கள் தோண்டினார்கள். உயிரோடு எடுக்க முடியவில்லை. மூடியின்மேல் ஒரு ஓணான் வெயில் காய்கிறது.

*

நீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டாரை எண்ணெய்க் கிணற்றுக்குப் பழக்கியவர் அர்மைஸ் அருத்யூனோவ். திப்லிசியில் பிறந்தவர். 1920களில் அமெரிக்காவின் கான்சாஸில் அதை இறக்கிக் காட்டினார்.

இங்கிருந்து நெடுவாசல் பக்கம்தான். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டம் வேண்டாம் என்று அந்த ஊர் போராட்டத்தில் உட்கார்ந்தது. 2020இல் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தத் திருவரங்குளம் ஒன்றியமும் அதற்குள். பூமிக்குள் இறங்கும் குழாய் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி.

*

குழாய்கள் குறைந்துகொண்டே வருகின்றன. சங்கிலி இப்போது வேறு குரலில் முனகுகிறது. தோட்டத்துக்காரர் மனைவி சொம்பில் மோர் கொண்டுவருகிறார். குடித்தவர்கள் உதட்டைத் துடைத்துக்கொள்கிறார்கள். மோரின் புளிப்பு நாக்கில் கொஞ்சநேரம் இருக்கிறது.

*

கஜா புயல். 2018 நவம்பர் 16. இந்தத் தென்னைகள் அதற்குப் பின் வைத்தவை. பலா இன்னும் பழைய மரங்களின் உயரத்துக்கு வரவில்லை. அப்போது வாரக்கணக்கில் கரண்டு இல்லை. வாடகை ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பினார்கள். அடியில் தண்ணீர் இருந்தது. மேலே வரத்தான் வழியில்லை.

*

மறுவருஷம் கொத்தமங்கலம் இளைஞர்கள் தாங்களே பணம் சேர்த்துக் குளங்களைத் தூர்வாரினார்கள். வரத்துவாரியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். குளத்தில் நிற்கும் தண்ணீர் யாரும் தள்ளாமலே கீழே போகிறது. அவசரம் அதற்கில்லை.

*

கடைசிக் குழாய். வளைவு. ஸ்டார்ட்டருக்குக் கேபிள். மும்முனை கரண்டு இன்னும் வரவில்லை. வேப்பமர நிழலில் உட்காருகிறார்கள். ஒருவர் பீடி பற்றவைக்கிறார். யாரும் மணி கேட்கவில்லை.

*

கரண்டு.

பச்சைப் பொத்தான். மோட்டார் ஓடுவது காதுக்குத் தெரியவில்லை. ஆம்பியர் முள் மட்டும் எழுந்து நிற்கிறது. குழாயிலிருந்து முதலில் காற்று. பிறகு ஒரு செருமல். பிறகு சன்னமாகத் தண்ணீர்.

“திருப்பிச் சுத்துது.”

அணைத்துவிட்டு மெக்கானிக் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் பூட்டுகிறார்.

மறுபடி பச்சை. இந்தமுறை வாய் நிறைய வருகிறது. கலங்கல், செம்மண் நிறம். மணல் கடகடக்கிறது. ஓடவிடுகிறார்கள். கலங்கல் வெளுக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுக்கிறது, எந்த நொடியில் தெளிந்தது என்று பிடிக்க முடியவில்லை.

*

கையை நீட்டுகிறேன். வெதுவெதுப்பு. ஆழத்து நீருக்கு இந்தச் சூடு உண்டு. விரல்களுக்கு நடுவே புகுந்து போகிறது. பல மழைக்காலங்களுக்கு முன் இறங்கிய தண்ணீர் இது. நினைவு அங்கே போக எத்தனிக்கிறது. போகட்டும்.

*

தண்ணீர் வாய்க்காலில் முதல் பாத்தியைத் தொடுகிறது. மண் கறுக்கிறது. இரண்டாவது பாத்தி.

*

சாமான்களைக் கட்டுகிறார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. சிறு விவசாயிகளுக்கு 1984இலும் எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. இது பழைய சர்வீஸ். சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, ஃபியூஸ் கட்டைகள், பெயிண்டில் எழுதிய சர்வீஸ் எண். மீட்டர் இல்லை.