இத்கிர் புல்லும் வில்பத்துக் காடும்

வில்பத்துவைப் பற்றி நம்மவர்கள் பேசத் தொடங்கினால் மூன்றாவது வசனத்திலேயே பேச்சு வழக்காகிவிடுகிறது. அது எங்கள் ஊர் என்பார் ஒருவர். அது காடு என்பார் மற்றவர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை.

1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முசலி மக்கள் ஏறத்தாழ இருபது வருடங்களைப் புத்தளத்துக் கொட்டில்களில் கழித்தார்கள். அந்த இருபது வருடமும் காடு சும்மா இருக்கவில்லை. மரிச்சுக்கட்டியிலும் கரடிக்குளியிலும் அது வீட்டு வளவுக்குள் வந்து நின்றுகொண்டது. 2009இல் யுத்தம் முடிந்து திரும்பியவர்களை வரவேற்றவை மரங்கள்தாம். 2012இல் வெளியான வர்த்தமானி அப்பகுதியை ஒதுக்கப்பட்ட வனம் என்றது. 2017இல் அயலிலுள்ள வனங்களும் சேர்க்கப்பட்டு, மாவில்லு என்ற பெயரில் 40,000 ஹெக்டயருக்கு மேற்பட்ட பாதுகாக்கப்பட்ட வனமாயிற்று. இவ்வூர்கள் வில்பத்து தேசியப் பூங்காவுக்கு வெளியே, அதன் வடக்கு எல்லைக்கு அப்பால் உள்ளவை. ஆனால் தெற்கின் ஊடகங்களுக்கு அந்த எல்லை ஒருபோதும் பெரிதாகத் தெரிந்ததில்லை.

காணித் தகராறைத் தீர்க்க நான் இதனை எழுதவில்லை. அதன் அடியில் கிடக்கும் கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. காட்டைக் காப்பதென்றால் மனிதன் அதற்குள் வரலாமா? வரலாமென்றால், எந்த மனிதன்?

இந்நாட்டின் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காடுகளைப் படிப்படியாகப் பிரித்தது. கடும் இயற்கை ஒதுக்கிடங்களில் ஆய்வாளரைத் தவிர வேறெவருக்கும் இடமில்லை. தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டுடன் பார்க்கப் போகலாம். சரணாலயத்தில் தனியார் காணிகளும் இருக்கலாம். தாளில் இது நியாயமாகவே தெரிகிறது. நடைமுறையில் பார்க்கப் போகிறவன் யார்? உள்நாட்டவருக்குச் சீட்டு மலிவுதான். ஜீப் வாடகை மலிவில்லை. யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் வரிசைகட்டி உறுமுவதை நாம் படங்களில் கண்டிருக்கிறோம். அதன் பெயர் சுற்றுலா. அதே காட்டோரத்தில் தேன் எடுக்கப் போனவனுடைய செயலின் பெயர் அத்துமீறல். 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி வந்த வேடர்கள் ஒரே நாளில் குற்றவாளிகளானார்கள். காடு அழிந்ததற்கு அவர்களா காரணம்?

நமது மரபில் இதற்கு ஏதும் உண்டா என்று தேடும்போது வழமையாக எல்லோரும் ‘ஹிமா’வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கொஞ்சம் அவதானம் தேவை. ஹிமா இன்றைய பொருளில் வனவிலங்குப் பூங்கா அல்ல. நபி (ஸல்) அவர்கள் நகீஃ பள்ளத்தாக்கை ஒதுக்கியது குதிரைகளின் மேய்ச்சலுக்காக. வனத்துக்கு அதைவிட நெருக்கமானது ஹரம். மக்காவின் ஹரத்தில் வேட்டையில்லை, மரம் வெட்டுதலில்லை. ஆனால் அங்கே ஓர் ஊரே வாழ்கிறது, உலகமே வந்துபோகிறது. மனிதன் வருவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. வருகிறவனுடைய கை என்ன செய்கிறது என்பதில்தான் அதன் கவனம். அந்தத் தடை அறிவிக்கப்பட்டபோது அப்பாஸ் (ரழி) அவர்கள் குறுக்கிட்டு, இத்கிர் புல்லுக்கு மட்டும் விலக்குக் கேட்டார்கள். கொல்லருக்கும் வீட்டுக் கூரைக்கும் கப்றுக்கும் அது தேவைப்பட்டது. நபியவர்கள் அந்த இடத்திலேயே விலக்களித்தார்கள். சட்டத்தின் புனிதம் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இன்னொரு சம்பவம் புஹாரியில் வருகிறது. கலீபா உமர் (ரழி) அவர்கள் ஒரு ஹிமாவுக்கு ஹுனை என்ற விடுதலை பெற்ற அடிமையைப் பொறுப்பாக நியமித்தார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருப்பவனை உள்ளே விடும்படியும், உஸ்மான் (ரழி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) ஆகியோரின் கால்நடைகளை விடவேண்டாம் என்றும் அவருக்குச் சொன்னார்கள். காரணம் எளிமையானது. செல்வந்தரின் மந்தை அழிந்தால் அவருக்குப் பேரீச்சந் தோட்டம் இருக்கிறது. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளுடன் கலீபாவின் வாசலுக்குத்தான் வருவான். என்னை உலுக்குவது இதற்குப் பின்னால் வருவது. இது அம்மக்களின் நிலம், நான் அநீதி செய்ததாக அவர்கள் நினைக்கிறார்கள் என்று உமர் தாமே ஒப்புக்கொள்கிறார். ஒதுக்கியே ஆகவேண்டிய தேவை இருந்தது, ஒதுக்கினார். ஆனால் இழந்தவனை ஆக்கிரமிப்பாளன் என்று அழைக்கவில்லை. நம் நாட்டு வர்த்தமானி எதிலும் அப்படியொரு குற்றவுணர்வை நான் கண்டதில்லை.

இதைச் சொல்லும் வாயால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், வில்பத்துக்கு வடக்கே கல்லாறு வனத்தில் மரங்களை அழித்துக் குடியேற்றியது சட்டவிரோதம் என்றும், முன்னாள் அமைச்சர் தம் செலவில் அங்கு மரம் நாட்டவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. நம் பத்திரிகைகளில் பெரும்பாலும் கோபமும் மௌனமும்தான் கண்டேன். இனவாதிகள் அந்த வழக்கைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள், மெய்தான். அதற்காகப் புல்டோசரின் கீழ் விழுந்த பாலை மரம் நம் எதிரியாகிவிடுமா? அகதியின் துயரத்தைக் காட்டி, அகதியல்லாதவர் எவரும் காணி பிடிக்கவில்லை என்று நம்மில் எத்தனை பேரால் சத்தியம் செய்ய முடியும்? உமர் வாசலில் நிறுத்தியது யாருடைய மந்தையை என்பதை நாமும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மனிதனை வெளியே நிறுத்தினால் காடு தானாகப் பிழைக்கும் என்பதும் மெய்யல்ல. வில்பத்து 1980களில் யுத்தத்தால் மூடப்பட்டது, 2003இல் திறக்கப்பட்டது. 2006 மே மாதம் கண்ணிவெடியில் எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் உடன் சென்ற ஏழு பேரும் கொல்லப்பட்ட பின் மீண்டும் மூடப்பட்டு 2010இல் திறந்தது. பார்வையாளர் இல்லாத அந்த வருடங்களில் துப்பாக்கி வைத்திருந்தவன் மட்டும் உள்ளே இருந்தான்.

அதே வில்பத்துக்குள் பள்ளக்கண்டல் புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. வருடாந்தத் திருநாளுக்கு யாத்திரிகர்கள் காட்டுக்குள் போய் வருகிறார்கள். மாவில்லு வனத்துக்குள் தங்கள் பழைய கிணறுகளும் மையவாடிகளும் அகப்பட்டிருப்பதாக முசலி மக்கள் சொல்கிறார்கள். அந்தக் காணியைத் திருப்பித் தராவிட்டாலும், வருடத்தில் சில நாட்கள், கத்தியும் கோடரியும் இல்லாமல், வாப்பாவின் கப்றடியில் நின்று ஒரு யாஸீன் ஓதிவிட்டு வர அவர்களுக்கு வழிவிடலாம். இத்கிர் புல் கேட்கப்பட்ட காரணங்களில் கப்றும் ஒன்று.