ஆறு மாதக் கணக்கு

ஒரு வீட்டில் பிள்ளை காலத்துக்கு முந்திப் பிறந்துவிட்டது என்று செய்தி வந்தால், தாய்க்கு எப்படி இருக்கிறது என்று கேட்பவர் சிலர். கல்யாணம் எந்த மாதம் நடந்தது என்று யோசிப்பவர் பலர். வாயால் கேட்காதவரும் மனத்துக்குள் விரலை மடக்கிப் பார்த்துவிடுகிறார். ஈப்போவின் கடைத்தெருவிலும் சரி, பால்மரங்கள் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்ட சுங்கை சிப்புட், பத்து காஜாப் பக்கத்துப் பழைய தோட்டங்களிலும் சரி, இப்பழக்கம் மட்டும் போகவில்லை. இவ்வாறு மாதத்தை எண்ணிப் பார்க்க நமக்கு நியாயமுண்டா என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

கடை வைத்திருப்பவர்களாகிய நமக்கு இப்பேச்சுக்களைக் கேளாதிருக்க வழியில்லை. ஒருநாள் அரிசி நிறுத்துக்கொண்டிருக்கையில் இருவர் பேசிக்கொண்டார்கள். நிக்காஹ் முடிந்து ஏழு மாதமான பெண்ணுக்கு இரத்த அழுத்தம் ஏறி, ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்கு 32 வாரம் என்று நர்ஸ் சொன்னாராம். அதை நான்கால் வகுத்து, "எட்டு மாதமாயிற்றே!" என்றார் ஒருவர். மற்றவர் பதில் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்று மாலைக்குள் எத்தனை வீடு போயிருக்கும் என்பதை ஆண்டவன்தான் அறிவான்.

இக்கணக்கில் பிழை எங்கேயிருக்கிறது? வைத்தியர்கள் வாரத்தை எண்ணத் தொடங்குவது கடைசியாகத் தூரமான நாளிலிருந்து. கரு உண்டாவதோ அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிந்தி. ஆகவே 32 வாரப் பிள்ளை உண்மையில் கருவில் இருந்தது 30 வாரம், அதாவது 210 நாள். ஆங்கில மாதத்தில் எண்ணினால் அது ஏழு மாதத்துக்குள் அடங்கிவிடும். 555 புத்தகத்தில் பத்துக் காசு கூடினால் நம்மிடம் அரைமணி நேரம் வழக்காடுகிற மனிதர், ஒரு பெண்ணின் கற்பை எழுதும் கணக்கில் பதினாலு நாளைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிவிட்டார்!

முன்கூட்டிப் பிறப்பது அப்படியொன்றும் அபூர்வமும் அன்று. 37 வாரம் நிறையுமுன் பிறப்பதைக் குறைமாதப் பிறப்பு என்பர். உலக சுகாதார நிறுவனத்தாரின் கணக்குப்படி 2020-ஆம் வருஷத்தில் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் அவ்வாறு பிறந்தன; ஏறக்குறையப் பத்தில் ஒன்று. இரட்டைக் கரு, கிருமித் தொற்று, நஞ்சு கீழே இறங்கி உதிரம் போவது என்று காரணங்கள் பல. காரணம் அகப்படாததும் உண்டு. தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறி, மூத்திரத்தில் புரதம் இறங்கி, வலிப்பு வரும் நிலையில், பிள்ளையையும் நஞ்சையும் வெளியே எடுப்பதைத் தவிர அந்நோய்க்குத் தீர்வில்லை. அப்போது வைத்தியரே நாளைக் குறித்துப் பிள்ளையை முந்தி வரவழைக்கிறார். இரண்டு உயிரைக் காக்கச் செய்த காரியத்தின் மீதுதான் நம்மவர் மாதக் கணக்குப் போடுகிறார்கள்.

இவ்வழக்கு புதிதன்று. கலீபா உதுமான் (ரலி) அவர்களின் முன்னிலையில், ஆறு மாதத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண் கொண்டுவரப்பட்டாள். அவளைத் தண்டிக்க உத்தரவாயிற்று. அலீ (ரலி) அவர்கள் எழுந்து, இவள் மீது குற்றமில்லை என்றார்கள். சுமப்பதும் பால்குடி மறப்பதும் சேர்ந்து முப்பது மாதம் என்று அல்அஹ்காஃப் சூராவின் 15-ஆம் ஆயத்து கூறுகிறது. பாலூட்டும் காலம் பூரண இரண்டு வருஷம் என்று அல்பகராவின் 233-ஆம் ஆயத்து கூறுகிறது. முப்பதில் இருபத்து நான்கு போனால் மிச்சம் ஆறு. ஆகவே ஆறு மாதத்திலும் பிறக்கக்கூடும் என்று காட்டினார்கள். நம் கடைப் பையனும் போடக்கூடிய கழித்தல்தான். ஆனால் கல்லைக் கையில் எடுத்தபின் அதைப் போட்டுப் பார்க்க ஒருவருக்குத்தான் தோன்றிற்று. கலீபா அவர்கள் உடனே ஆளனுப்பினார்கள். அதற்குள் தண்டனை நிறைவேறிவிட்டது என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். இது உமர் (ரலி) அவர்கள் காலத்து வழக்கு என்றும், அப்பெண் விடுவிக்கப்பட்டாள் என்றும் கூறும் அறிவிப்புகளும் உண்டு.

அன்பர்கள் கவனிக்கவேண்டியது, ஆறு மாதம் என்ற அளவு எப்படிப் பிறந்தது என்பதை. ஒரு தாயின் தலைக்கு மேல் வந்த பழியை நீக்குவதற்காக அது கண்டெடுக்கப்பட்டது. நான்கு மத்ஹபு இமாம்களும் அதை ஏற்றார்கள். நமது பேராக் மாநிலத்தின் 2004-ஆம் வருஷத்து இஸ்லாமியக் குடும்பச் சட்டமும், நிக்காஹிலிருந்து ஆறு கமரிய்யா மாதத்துக்குமேல் பிறந்த பிள்ளைக்கு அக்கணவனையே தகப்பனாக வைக்கிறது. கமரிய்யா மாதம் ஆறுக்கு 177 நாள். ஆங்கிலக் காலண்டரில் எண்ணுபவர் இதிலும் நான்கு நாளுக்குக் குறையாமல் தவறுவார்.

சில நாட்களின் பாரம் எவ்வளவு என்பதற்கு ஜொகூர் வழக்கு ஒன்று போதும். 2010-இல் ஒரு பிள்ளை, பெற்றோரின் நிக்காஹ் நடந்து ஆறு மாதம் நிறையச் சில நாளே இருக்கையில் பிறந்தது. பதிவு இலாகா அதன் பெயரோடு 'பின் அப்துல்லாஹ்' என்று எழுதியது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தகப்பன் பெயரை இடலாமென்றது. 2020 பிப்ரவரி 13-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், தகப்பன் பெயரை இட இயலாது, ஆயினும் 'பின் அப்துல்லாஹ்' என்பதையும் நீக்கவேண்டும் என்று தீர்த்தது. பிள்ளைக்கு அப்போது பத்து வயது ஆகப்போகிறது. அந்தப் பெற்றோரைப் பற்றிப் பேச நமக்கு ஒரு பாத்தியதையும் இல்லை. தீர்ப்பைப் பற்றிப் பேசச் சட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஆலிம்கள் முன் ஒரு சந்தேகத்தை வைக்கலாமென்று எண்ணுகிறோம். 1880-களில் பாரிஸில் தார்னியே என்ற பிரசவ வைத்தியர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, குறைமாதப் பிள்ளைகளுக்கும் அத்தகைய சூட்டுப் பெட்டி செய்வித்தார். 1972-இல் நியூசிலாந்து வைத்தியர்கள் லிகின்ஸ், ஹௌவி இருவரும், தாய்க்கு ஊசி போட்டுப் பிள்ளையின் நுரையீரலை முன்கூட்டிப் பக்குவப்படுத்தலாமென்று காட்டினார்கள். இன்று 24 வாரத்துப் பிள்ளைகளும் பிழைக்கின்றன. 2020 ஜூலையில் அமெரிக்காவின் அலபாமாவில் 21 வாரமும் ஒரு நாளுமான பிள்ளை 420 கிராம் எடையோடு பிறந்து பிழைத்தது. நம் தராசில் அரைக் கிலோக் கல்லுக்குக் குறைவு. 24 வாரம் என்பதில் அந்த இரண்டு வாரத்தைக் கழித்தால் 154 நாள். கமரிய்யாவில் ஐந்து மாதமும் ஒரு வாரமும். நிக்காஹ் இரவில் உண்டான கரு, தாயின் நோயால் அந்நாளில் வெளிவந்து, இன்குபேட்டர் தயவால் பிழைத்துக்கொண்டால், அதன் வமிசத்தை எப்படி எழுதுவது? முன்னோர் காலத்தில் அத்தகைய பிள்ளை உயிரோடு இருந்ததில்லை, கேள்வியும் எழவில்லை. பெண்பிள்ளையானால் நாளைக்கு அவள் நிக்காஹுக்கு வலி யார் என்பதுவரை இது போகும். ஃபத்வாக் கூறுவது நம் வேலையன்று. பழியை நீக்கப் பிறந்த அளவு பழியைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவைக்கிறோம்.

"அப்படியானால் வமிசத்தை யாரும் காக்க வேண்டாமா?" என்று கேட்பார் உண்டு. வாரிசும் வலியும் வமிசத்தைப் பொறுத்தவை, காக்கத்தான் வேண்டும். அதற்குக் காதியார் இருக்கிறார், பதிவு இலாகா இருக்கிறது. அவர்கள் கேட்டால் கணக்குக் காட்டவேண்டியவர்கள் பெற்றோர். பக்கத்து வீட்டாரை இவ்வுத்தியோகத்துக்கு யாரும் நியமிக்கவில்லை. பத்தினிப் பெண் மீது பழி சொல்லி நான்கு சாட்சி கொண்டுவராதவனுக்கு எண்பது அடி என்று சூரத்துந்நூர் விதிக்கிறது. ஆயிஷா (ரலி) அன்னையார் மீது வதந்தி எழுந்தபோது, அதைக் கேட்டவுடன் நல்லெண்ணம் கொண்டிருக்கலாகாதா என்று அதே சூரா கேட்பவர்களைத்தான் கண்டிக்கிறது. சிரித்தவரும் அதில் அடங்குவார் என்பது நம் அபிப்பிராயம்.

பழி வேறு உருவத்திலும் வருகிறது. அன்னாசி தின்றாள், மகரிபு நேரத்தில் வெளியே போனாள் என்பார்கள். ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று ஒரு பேச்சும் தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்களிடம் உண்டு. அது வெறும் கதை. கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபமே. எட்டு ஏழைவிட நல்லது.

எண்ணித்தான் ஆகவேண்டும் என்பவர்களுக்கு வேறு கணக்குகள் இருக்கின்றன. அதே முப்பது மாத ஆயத்துக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறிய விளக்கத்தைத் தஃப்சீர்களில் காணலாம். ஒன்பது மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இருபத்தொரு மாதப் பால் போதும். ஏழு மாதத்தில் பிறந்ததற்கு இருபத்து மூன்று. ஆறில் பிறந்ததற்குப் பூரணமாக இருபத்து நான்கு. வயிற்றில் குறைந்ததை மடியில் ஈடுசெய்கிறார்கள். இன்றைக்கும் குறைமாதப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் வைத்தியர் இரண்டு வயது எழுதுகிறார்: பிறந்த தேதிப்படி ஒன்று, பிறந்திருக்கவேண்டிய தேதிப்படி ஒன்று. தவழவில்லையே, பேசவில்லையே என்று பிள்ளையைக் குறை கூறாதபடி, இரண்டு வயது வரைக்கும் இரண்டாவது வயதை வைத்தே வளர்ச்சியைப் பார்க்கிறார்கள்.